இரண்டு வழியாக வீடு வந்தவர்

எங்கள் உப்போடையில் சங்கரபாண்டி இரண்டு பேராக வீடு திரும்பிய நாள் எது என்று யாரைக் கேட்டாலும் பைபாஸ் திறந்த நாள் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அதுவரை உப்பளத்திலிருந்து ஊருக்குள் வர ரயில்வே கேட் வழி ஒன்றுதான் இருந்தது, அன்று மத்தியானம் ரிப்பன் வெட்டி இரண்டாவது வழியும் வந்துவிட்டது, உப்பளத்தில் வாட்ச்மேனாக இருந்த சங்கரபாண்டி பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட் வழியாகவும் வந்தார், பைபாஸ் வழியாகவும் வந்தார். இரண்டு சைக்கிளும் வீட்டு முன்னால் இருந்த ஒரே வேப்பமரத்தில் சாய்ந்தன. அவர் மனைவி பேச்சியம்மாள் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்து, "கைகாலக் கழுவிட்டு வாங்க, தோச ஊத்துதேன்" என்றாள். அவள் என்றைக்குமே அவரை வாங்க போங்க என்று பேசுகிறவள்தான், அதனால் பேச்சில் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மகள் உமாமகேஸ்வரி மட்டும் ஸ்கூட்டியை விட்டு இறங்காமல் தெருவிலேயே நின்றாள். அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். யாராவது பார்த்துவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

உமா ஊரிலிருந்த பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஊரில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே, சோதிக்கப்பட்ட ரத்தம், நடந்த பிரசவம் எல்லாம் மாடியில் குளிரூட்டிய அறையில் ஒரு பெரிய டிஸ்க் பெட்டிக்குள் கிடந்தன, அந்தப் பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள்தான் ஓடிக்கொண்டிருந்தது, எலி கடித்தால் ஊரின் நோயெல்லாம் ஒரு நிமிஷத்தில் காணாமல் போய்விடும் என்பதால், பைபாஸ் திறந்த அதே நாள் காலையில்தான் அவள் இரண்டாவது கேபிளை இழுத்துச் சொருகிவிட்டு வந்திருந்தாள். அதற்கும் அப்பா இரண்டு பேரானதற்கும் சம்பந்தம் உண்டா என்று எங்களில் சிலர் யோசித்ததுண்டு. காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, ஆள்தான் வந்துவிட்டாரே என்று விட்டுவிட்டோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவளுடைய மேலதிகாரி ஸ்டீபன் சார் திரையைப் பார்த்துத் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உமா, இங்க பாரும்மா. நேத்து வரைக்கும் ஒரு டிஸ்க்தான தெரிஞ்சுது? இன்னிக்கு அதே சைஸ்ல ரெண்டு வந்து நிக்கி. ரெண்டாவது உபரிதான? அழிச்சிட்டு பேக்கப்புக்கு வச்சுக்கிடுவமா?"

"சார், கைய எடுங்க!" உமா போட்ட சத்தத்தில் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அது ரெண்டு இல்ல சார், ஒண்ணுதான். ரெண்டு கேபிள் வழியா வருது, அதனால ரெண்டாத் தெரியுது. இந்தப் பேர்ல அழிச்சீங்கன்னா அந்தப் பேர்லயும் அழிஞ்சிரும். உள்ள இருக்கது ஒரே டிஸ்க்."

"ஒண்ணுன்னு எப்படிச் சொல்லுத? பேரு வேற வேறயா இருக்கே."

உமா பொறுமையாகச் சொன்னாள். பந்தியில் முதலில் வந்து உட்கார்ந்தவருக்கு முதல் இலை போடுவதுபோல, சர்வர் ஒவ்வொரு தடவை கண் விழிக்கும்போதும் எந்த டிஸ்க் முதலில் குரல் கொடுக்கிறதோ அதற்கு முதல் பெயரையும் அடுத்ததற்கு அடுத்த பெயரையும் வைத்துவிடும், இன்றைக்கு முதலில் வந்தது நாளைக்கு இரண்டாவதாக வரலாம், அதனால் அந்தப் பெயர்களை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அது பிறந்த இடத்திலேயே பொறித்த ஒரு நம்பர் உண்டு, எந்த வழியாக வந்தாலும் அந்த நம்பர் மாறாது. மல்டிபாத் என்ற மென்பொருளிடம் அந்த நம்பரைக் காட்டி, இந்த நம்பர் எத்தனை வழியாக வந்தாலும் ஒரே ஆள்தான், ஆளுக்கு இதுதான் பெயர் என்று சொல்லிவிட்டால் போதும், அப்புறம் குழப்பமே இல்லை.

"நம்ம பள்ளிக்கூட சர்டிபிகேட்ல அங்க அடையாளம் எழுதுவாங்கள்ல சார், வலது தோள்ல ஒரு மச்சம், இடது முழங்கால்ல ஒரு தழும்புன்னு? அது மாதிரிதான்."

சொல்லி முடித்ததும் அவள் முகம் சிவந்துபோனது. வலது தோளில் மச்சமும் இடது முழங்காலில் தழும்பும் யாருக்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஏசி போதவில்லை போலிருக்கிறது என்று ஸ்டீபன் சார் அதைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

இரண்டு சங்கரபாண்டியும் ஊருக்குச் சீக்கிரமே பழகிப்போனார்கள். டீக்கடைத் தங்கதுரை முதல் நாள் இரண்டு கிளாஸ் வைத்தான், ஒருவர் குடித்ததுமே மற்றவர் ஏப்பம் விட்டு வாயைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொண்டான். சலூன்காரர் ஒருவருக்கு ஷேவ் செய்துவிட்டு அடுத்தவருக்குத் துண்டு போட்டபோது அங்கே கன்னம் வழவழவென்று இருந்தது, அதற்காக அவர் கோபப்படவும் இல்லை. இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு ஓட்டு இருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கோவில் கொடைத் திருவிழாவில் மேளக்காரர்கள் முன்னால் அவர் ஒரு ஓரத்தில் ஆடினால் மறு ஓரத்திலும் ஆடினார், ஒரே காலில்தான் சுளுக்கு வந்தது, ஆனால் இரண்டு பேரும் நொண்டினார்கள். சின்னப் பிள்ளைகள் ஒருவரிடம் ரகசியம் சொல்லிவிட்டு ஓடிப்போய் மற்றவரிடம் கேட்டு விளையாடின, ரகசியம் அதற்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

பெயர்தான் தொந்தரவு. இரண்டு பேரையும் சங்கரபாண்டி என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் வந்து நிற்கிறார்கள் என்பதால், முதலில் ஊருக்குள் நுழைகிறவரைச் சங்கரபாண்டி அண்ணாச்சி என்றும், பின்னால் வருகிறவரை இன்னொருத்தர் என்றும் தங்கதுரை கூப்பிட ஆரம்பித்தான், வேலை சுலபமாக இருந்ததால் நாங்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம். கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றால் பைபாஸ்காரர் சங்கரபாண்டி, பைபாஸில் உப்பு லாரி குறுக்கே நின்றால் கேட்காரர் சங்கரபாண்டி. நேற்று மரியாதையாகப் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டவர் இன்று இன்னொருத்தராகி ஓரமாக நிற்பார். அவர் முகத்தில் வருத்தம் தெரியும், ஆனால் வாயைத் திறக்கமாட்டார். இரண்டு பேருமே அதில் ஒரே மாதிரிதான்.

பேச்சியம்மாள் மட்டும் அந்தப் பெயர் எதையும் வாயில் எடுக்கவில்லை. புருஷன் பேரைச் சொல்கிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது. "இந்தாருங்க" என்பாள், இரண்டு பேரும் திரும்புவார்கள், பக்கத்தில் நிற்பவரின் கையில் சொம்பைக் கொடுப்பாள், காரியம் முடிந்தது.

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவித்தது உமாதான். ஆஸ்பத்திரி கேன்டீனில் அவள் போய் உட்கார்ந்ததும் பக்கத்து மேஜையில் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் பில்லிங்கில் இருக்கிற ஒருத்தி, "உங்க அம்மா குடுத்து வச்சவுக, என்ன உமா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மேஜையே சிரித்தது, உமா தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் அவள் அப்பாவுக்கு வழக்கம்போல் சர்க்கரை பார்க்க ஊசியால் விரலைக் குத்தியபோது, முற்றத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த இன்னொருத்தர் தன் கையில் அதே விரலை வாயில் வைத்துச் சப்பினார். உமா அதைப் பார்த்தாள். பார்த்ததும் மெஷினை மூடி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, பார்க்காதவள் போல உள்ளே போய்விட்டாள். டிஸ்க் விஷயத்தில் அத்தனை சத்தம் போட்டவளுக்கு அப்பா விஷயத்தில் சத்தம் வரவில்லை. தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்தது, ஆனால் தெரிந்ததாக ஒப்புக்கொண்டால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நாலு பேர் சிரிக்கிற விஷயத்தை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்?

அப்போதுதான் சாத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் படத்தைப் பார்த்ததுமே உமாவுக்குப் பிடித்துவிட்டது. தரகர் நல்லவிதமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் சரிதான். பொண்ணுக்கு ரெண்டு அப்பான்னு அங்க போயி சொன்னா, நாக்கு மேல பல்லு போட்டு என்ன பேசுவாகன்னு உங்களுக்கே தெரியும். அம்மாவத்தான் இழுப்பாக. பொண்ணு பாக்க வாரப்போ ஒருத்தர் இருந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை பொண்ணு பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. ராத்திரிக் காவல் முடித்து அன்று காலையில் உப்பளத்திலிருந்து முதலில் வந்தவர் கேட்காரர். அவரைக் குளிக்கச் சொல்லி, இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்து, கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, உமா பின்வாசலுக்குப் போனாள். பைபாஸ் வழியாக வந்தவர் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் ஒரு பை தொங்கியது, அதில் அவளுக்குப் பிடித்த பனங்கிழங்கு இருந்தது.

"எம்மா, அவுக வந்துட்டாகளா? நானும் ஒரு நல்ல சட்டையப் போட்டுக்கிடுதேன்."

"வேண்டாம்" என்றாள் உமா. "நீங்க அத்தை வீட்டுக்குப் போயிருங்க."

"சரிம்மா. மத்தியானம் சாப்பாட்டுக்கு வரட்டா?"

"வராதீங்க. இன்னிக்கி மட்டுமில்ல. இனிமே இந்த வீட்டுக்கே வராதீங்க."

அவர் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்குப் புரியவில்லை. "ஏம்மா, நான் எதும் தப்பாப் பேசிட்டனா? நான் ஓரமாத்தான உக்காரப் போறேன்? உங்க அப்பன்தானம்மா நான்."

முன்வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உமாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"நீங்க எங்க அப்பா இல்ல" என்றாள். "எனக்கு ஒரு அப்பாதான். அவரு உள்ள இருக்காரு. நீங்க யாரோ."

அவர் அவளைப் பார்த்தார். கண்ணில் ஏதோ ஒன்று அணைந்தது. பிறகு தெரியாத வீட்டில் தண்ணீர் கேட்டு வந்தவர் போலத் தலையை ஆட்டிவிட்டு, "சரிம்மா" என்று சொல்லி, பையைக் கொடுக்க மறந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பைபாஸ் பக்கம் போனார். உமா முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டாள்.

கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் படத்தில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தான். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷர், பேச்சை எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவர். உமா காப்பித் தட்டோடு வந்து நின்றதும் அவர் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் திரும்பி, "நீங்கதான் பொண்ணோட அப்பாங்களா?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

இஸ்திரிச் சட்டையில் உட்கார்ந்திருந்த சங்கரபாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லைங்க" என்றார். "எனக்குப் பிள்ள கிடையாது."

யாரோ சிரித்தார்கள், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து. தரகர் அவசரமாக, "அண்ணாச்சி எப்பவும் இப்படித்தான், கேலி பேசுவாக" என்று ஆரம்பித்தார். சங்கரபாண்டி கையை அசைத்து அவரை நிறுத்தினார்.

"கேலி இல்லைங்க. அந்தா அடுக்களை வாசல்ல நிக்காளே, அவ என் பொஞ்சாதி. எங்களுக்குப் பிள்ள இல்ல."

"அப்போ இந்தப் பொண்ணு?"

அவர் உமாவைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில், அதுதான் உமாவால் தாங்க முடியாமல் இருந்தது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருக்கிற ஊர்பேர் தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோலக் கனிவாகப் பார்த்தார்.

"தெரியலைங்களே. நல்ல பிள்ளையாத்தான் தெரியுது" என்றார். அப்புறம் அவருக்கே கூச்சம் வந்துவிட்டது. இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார், ஜமக்காளத்தைப் பார்த்தார், சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், அழைக்காத விசேஷத்தில் வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டவரின் பதற்றத்தோடு எழுந்து கையைக் கூப்பினார். "யார் வீட்டு விசேஷத்துலயோ தெரியாம உக்காந்துட்டேன். மன்னிச்சுக்கிடுங்க. எனக்கு வெக்கமா இருக்கு." அப்படிச் சொல்லிவிட்டு, தப்புச் செய்தவர் தான்தான் என்பதுபோலக் குனிந்தபடி முன்வாசல் வழியாக இறங்கிப் போனார்.

உமா காப்பித் தட்டைத் தரையில் வைத்தாள். ஒரு பெயரில் அழித்தால் இன்னொரு பெயரிலும் அழிந்துவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஊரிலேயே அதைத் தெரிந்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். பேச்சியம்மாள் அடுக்களை வாசலிலிருந்து மகளைப் பார்த்து, "ஏட்டி, என்னத்தச் சொல்லித் தொலச்ச அவுககிட்ட?" என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால், தரகர் முன்னால், ஜன்னலில் எட்டிப்பார்த்த எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

சம்பந்தம் முறிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து ஊரில் ஒரே ஒரு சங்கரபாண்டிதான். வந்து சேர வீடு இருந்தால்தானே வீட்டுக்கு இரண்டு வழி வேண்டும்? அவர் உப்பளத்துக் கொட்டகையிலேயே தங்கிக்கொண்டார். வேலை மறக்கவில்லை, தங்கதுரையை மறக்கவில்லை, சாயங்காலம் தூக்குச்சட்டியோடு நடந்து வருகிற மனைவியையும் மறக்கவில்லை, "பேச்சி, இத்தன தூரம் ஏன் நடக்க" என்று கடிந்துகொள்வார். மகள் என்கிற அந்த ஒன்று மட்டும்தான் அவரிடமிருந்து சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. நாங்கள் அவரைச் சங்கரபாண்டி என்று கூப்பிட்டுப் பார்த்தோம், அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அந்த ஆள் முன்னாலேயே போயிருப்பாரே என்றார். இன்னொருத்தர் என்றால் மட்டும் திரும்பினார். எந்த வழியாக வந்தாலும் மாறாத ஒரு பெயர் கடைசியில் அவருக்கு நிலைத்துவிட்டது. அதை வைத்தது உமா என்று நாங்கள் அவளைக் குறை பேசினோம், ஆனால் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கியது எங்கள் வாய்தான், அதை நினைத்தால் எங்களுக்கும் நிமிர்ந்து நடக்க முடிவதில்லை.

உமா ஆஸ்பத்திரியில் வேலையை விடவில்லை. டிஸ்க்குகள் அவள் வைத்த பெயரில், எத்தனை முறை மின்சாரம் போய் வந்தாலும் மாறாமல் ஓடுகின்றன. ஸ்டீபன் சார் எல்லோரிடமும் அவளைப் புகழ்கிறார். புகழும்போதெல்லாம் அவள் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு சாயங்காலம் தூக்குச்சட்டியை உமா எடுத்துக்கொண்டு போனாள். கொட்டகை வாசலில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது முழங்காலில் அந்தத் தழும்பு தெரிந்தது. சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்தபோது, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்து வரப்பில் ஓடி, விழுந்து, எழுந்து, மறுபடி ஓடியபோது வந்த தழும்பு.

"வாம்மா, பேச்சிக்கு முடியலையா?" என்று எழுந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். அவள் பார்வை எங்கே இருக்கிறது என்று கவனித்துவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார். "இதா? இது எப்படி வந்துச்சுன்னே தெரியல. பெரிய அடியாத்தான் இருந்திருக்கும், ஆனா ஞாபகம் இல்ல. நீ யாரு வீட்டுப் பிள்ளம்மா?"

ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். உப்பு அம்பாரங்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியில் அந்தப் பெயரைச் சொன்னாள்.

"சங்கரபாண்டி மக."

"அவரு மகளா!" அவர் முகம் மலர்ந்தது. "நல்ல மனுஷன்னு சொல்லுவாகம்மா. நான் எப்பவும் அவருக்குப் பின்னாலதான் வருவேன், ஒரு நாளும் பக்கத்துல பாத்துப் பேசுனதில்ல. வீட்டுக்கு வந்துட்டாரா?"

"இன்னும் வரல" என்றாள் உமா.

"வந்துருவாரும்மா, அழாத." அவர் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த ரயில்வே கேட் பக்கம் ஒரு தடவையும் பைபாஸ் பக்கம் ஒரு தடவையும் அவளுக்காகக் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார். "எந்த வழியா வருவாரு?"